உறுப்பினர் பட்டியல்

கிளமெண்டியில் பிற்பகல் மூன்று மணி மழை.
எதிர் புளோக் காணாமல் போய்விட்டது.
மூங்கில் கழியில் யாரோ மறந்த பள்ளிச் சீருடை மட்டும்
வெள்ளைக்குள் வெள்ளையாய் ஆடுகிறது.

“வானம் பார்க்கிற வேலைன்னு சொன்னீங்க,
எப்பவும் திரையை இழுத்து மூடியிருக்கீங்களே?”
பார்சல் கொண்டுவந்த பையன் போன வாரம் கேட்டான்.
கண் கூசும் என்றேன்.
பாதி உண்மை.
மீதி, இந்தத் தீவின் வானத்தில் எனக்கு வேலையில்லை.
நான் தேடுவது காற்றைத் தாண்டி இறங்க முடியாத ஒளி.
அதற்காக ஒரு குழாய்
நிலவுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு ஏறி
இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது.
நேராக மோதினால் கண்ணாடிக்குள்ளேயே புதைந்துவிடும் ஒளி.
சாய்வாக வந்தால்தான்
குளத்தில் வீசிய ஓட்டுச்சில்லு போல
உரசித் தவ்வி உள்ளே விழும்.

இருபத்தெட்டு மணி நேரம் திறந்திருந்த கண்ணில்
பதினோராயிரம் துளிகள்.
ஒவ்வொன்றுக்கும் விழுந்த இடம், விழுந்த நொடி, விழுந்த வேகமல்ல,
வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, ஆற்றல்.
இந்த மழையை யாராவது அப்படி எண்ணுவார்களா?

தூசுக்குப் பின்னால் ஒரு பிரசவ வார்டு.
இரண்டு மில்லியன் வயதுக் கைக்குழந்தைகள்.
நம் சூரியனைப் போல் ஆயிரம் மடங்கு
எக்ஸ்-கதிரில் வீறிட்டு அழும்.
தூசுத் துணி சுற்றியவை அகச்சிவப்பிலேயே அகப்பட்டுவிடும்.
துணியை முன்னதாகவே உதறிவிட்டவைதான் சிக்கல்.
வழியில் நிற்கும் கிழட்டு விண்மீன்கள் நடுவே
அவையும் கிழடு போலவே நிற்கும்,
எம்ஆர்டி கூட்டத்தில் யார் இங்கே பிறந்தவர்
யார் நேற்று வந்திறங்கியவர் என்று
முகத்தை வைத்துச் சொல்ல முடியாதது போல.
அழுகையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் வேலை அதுதான். பட்டியல் போடுவது.
இது கொத்தைச் சேர்ந்தது, 0.93.
இது முன்னால் வந்து நிற்கும் அந்நியன்.
இது வெகு பின்னால் ஏதோ ஒரு கேலக்ஸி, தவறுதலாகப் படத்தில்.
சில கோடி ஆண்டுகளில் இவை கலைந்துவிடும்.
அப்புறம் யாரும் யாரோடும் பிறந்ததாகத் தெரியாது.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஹஸ்வானி திரையில் வருகிறாள்.
“212-ஐ எடுத்துவிடலாம். நாலே துளி.
வரம்பு ஐந்து.”
“சரி” என்று சொல்லிவிட்டு
அழிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் ஒரு கடிதம் வந்தது. மூன்றாம் முறை.
நிரந்தரவாசத்துக்கான என் விண்ணப்பத்தைக்
கவனமாகப் பரிசீலித்தார்களாம்.
பதினோரு ஆண்டு வரி, வாடகை,
குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்ற ஞானம்,
சீனி இல்லாக் கோப்பியைக் கேட்காமலே நீட்டும் கடைக்காரர்.
இதில் எதற்கு எத்தனை துளி என்று
கடிதத்தில் இல்லை.
காரணம் என்ற கட்டமே இல்லை.
மடித்துச் சோற்றுப்பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
அங்கே ஏன் வைத்தேன் என்று எனக்கும் தெரியவில்லை.

212-ன் நேரக் கோட்டைப் பிரிக்கிறேன்.
இருபத்தேழு மணி நேரம் மௌனம்.
பிறகு ஒன்பது நிமிடத்துக்குள் நான்கும்.
வெற்றுச் சத்தம் இப்படிக் கூடி வராது.
அங்கே ஏதோ ஒன்று
ஒரே ஒரு முறை
இருமியிருக்கிறது.

குறிப்பு என்ற பத்தியில் எழுதுகிறேன்:
துளி நான்கு. வரம்புக்குக் கீழ்.
ஆனால் ஒன்பது நிமிடத்தில்.
வெடிப்பாக இருக்கலாம். சேர்க்கப்பட்டது.
நீக்கிய முப்பத்தாறுக்கும் திரும்பிப் போய்
ஒவ்வொன்றாகக் காரணம் எழுதுகிறேன்.
யாரும் கேட்கவில்லை.
சாப்பாட்டு நேரம் தாண்டிவிடுகிறது.

மழை விட்டிருக்கிறது.
சீருடையை யாரோ உள்ளே எடுத்துவிட்டார்கள்.
ஹஸ்வானி ஒரு கட்டைவிரல் அனுப்புகிறாள்.
சற்றுப் பொறுத்து, இன்னொன்று:
“அப்போ 213?”