காய்ச்சல் விட்ட நாள்

சின்னப்பாலத்தில் குடிதண்ணீர்
குடம் பன்னிரண்டு ரூபாய்.
டிராக்டர் வருகிற நாளில்
பாசி எடுக்கப் போகமாட்டேன்.
ஒருநாள் மரிக்கொழுந்துப் பாசி போனாலும் போகட்டும்,
நீல டிரம் நிரம்பினால்
பெட்டியில் ஒரு பவுன் கிடப்பது போலத் தெம்பு.

உப்புத் தண்ணீரில் இந்தக் கொசு முட்டையிடாதாம்.
சாக்கடையும் பிடிக்காதாம்.
நான் காசு கொடுத்து வாங்கிய
நல்ல தண்ணீர்தான் அதற்கும் வேண்டுமாம்.
இதெல்லாம் பிறகு சொன்னார்கள்.

முதல் நாள் டெல்சியா
பள்ளிக்கூடத்திலிருந்து பையை இழுத்துக்கொண்டு வந்தாள்.
"கண்ணுக்குப் பின்னாடி யாரோ
கட்டைவிரலால அமுக்குறாங்கம்மா."
ஏழு வயசு.
கண்ணுக்குப் பின்னால் ஓர் இடம் இருப்பது
அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்று நாள் அனல்.
ஈரத்துணி போட்டால் துணி கொதித்தது.
பிறந்ததிலிருந்து மீன் வாசத்தில் தூங்கிய பிள்ளை
குழம்பு கொதிக்கையில் ஓங்கரித்தாள்.

நாலாம் நாள் விடியலில் தொட்டேன்,
குளிர்ந்திருந்தாள்.
அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தேன்.
கடலுக்குப் போயிருந்த அவருக்கு
வயர்லெஸ்ஸில் சொல்லிவிடச் சொன்னேன்:
விட்டுருச்சு.
கஞ்சி வைத்தேன், பாசி எடுக்கும் கையுறையைத் தேடினேன்.

அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று விழுந்தால்
வள்ளத்தைக் கரையேற்று என்று
தெரிந்தவள்தான் நான்.
பிள்ளையின் உடம்பில் அது விழுந்தபோது
சிரித்துக்கொண்டிருந்தேன்.

கஞ்சியைக் கக்கினாள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.
உள்ளங்கால் ஐஸ்பெட்டியில் கிடந்த சாளை.
ஈறில் ரத்தம்.
நூத்தியெட்டு பாம்பன் பாலத்தில் ஏறும்போது
இரண்டு பக்கமும் அவ்வளவு தண்ணீர்,
இவளோ தாகம் தாகம் என்கிறாள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து
ஐந்து நிமிடம் விட்டு அவிழ்த்தாள்.
முழங்கைக்குக் கீழே
கேழ்வரகு சிதறியது போல் சிவப்புப் புள்ளி.
"காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"
"காலைலயே நல்லா விட்டுருச்சு மேடம்."
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.
"விட்ட பிறகுதாம்மா பயப்படணும்."

எனக்கு எண்ணத் தெரியும்:
குடம், பாசி கிலோ, தண்டல்காரன் வட்டி.
ரத்தத்தையும் எண்ணுவார்கள் என்று தெரியாது.
இருபத்தெட்டாயிரம் என்றார்கள்.
அது நிறைய என்று நினைத்தேன்.

மூத்திரத்தை அளந்து நோட்டில் எழுதச் சொன்னார்கள்.
நாற்பது. பதினைந்து.
அப்புறம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதையும் எழுதவேண்டும்.

அடுத்த கட்டிலில் தொண்டிப் பையன் அஸ்பாக்.
இரண்டு நாள் தள்ளிக் கொண்டுவந்திருந்தார்கள்.
அவன் உம்மா கதீஜத்து
யார் வந்தாலும் ஒரே பேச்சு:
"காய்ச்சல் விட்டுருச்சே, காய்ச்சல் விட்டுருச்சே."
நான் அவள் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.
ராத்திரி கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
விடிந்தபோது அதில் வேறு விரிப்பு,
சலவை மடிப்புக்கூடக் கலையாமல்.

ஆறாம் நாள் நூற்றெண்பது எழுதினேன்.
கை நடுங்கியதில் சுழி இரண்டு விழுந்தது.
டெல்சியா புரோட்டா கேட்டாள்,
அடம்பிடித்தாள், என்னைக் கிள்ளினாள்.
உள்ளங்கை அரிக்கிறது என்றாள்.
கையெல்லாம் சிவந்து
நடுநடுவே வெள்ளைத் திட்டு.
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பெயர் வைத்தாள்:
குருசடை, மனோலி, முயல்தீவு.
முழங்கையில் ஒன்றுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

திரும்பும் பேருந்தில், பாலத்தின்மேல் கேட்டாள்,
"அந்தப் பையன் வீட்டுக்குப் போயிட்டானா?"
"போயிட்டான்" என்றேன்.

வீட்டில் டிரம் அரைவாசி நிறைந்திருந்தது.
டார்ச் அடித்தேன்.
அறுந்த நூல்போல் துள்ளித் துள்ளி
அடிக்குப் போயின.
ஆறு குடம் இருக்கும். எழுபத்திரண்டு ரூபாய்.
இரண்டு கையாலும் சாய்த்தேன்.
ஒரு மூச்சில் குடித்தது மணல்.
அடுத்த டிராக்டர் வெள்ளிக்கிழமைதான்.