இன்னும் கொஞ்சம் தப்பு

படகு என்று பெயர் வைத்துக்கொண்ட ஊர்.
ஆற்றைத் தெருவுக்கு அடியில் புதைத்துவிட்டுப்
பஞ்சாலை கட்டியது.
பஞ்சாலையும் மூடி நாளாகி,
தறி ஓடிய மூன்றாம் மாடியில்
இப்போது வெள்ளைத் திரை, நாலு விளக்கு,
இருமிக்கொண்டே காப்பி தரும் ஓர் இயந்திரம்.
போலந்தில், வூச்.
நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.

மூலையில் ஹல்ஷ்கா.
பத்தொன்பது வருஷமாகத் தோல் துடைப்பவள்.
பரு, அம்மைத் தழும்பு,
தூங்காத கண்ணுக்குக் கீழே நிழல்,
அக்குளில் சவரத்துக்குத் தப்பிய மூன்று மயிர்,
எல்லாம் அவள் பேனா முனையில் போயின.
முழங்கைக்குத் தனியாக ஒரு வயது உண்டு என்பது
அவளுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் காற்று மாறி அடிக்கிறது.
முகத்தில் அறைகிற மாதிரி ஃப்ளாஷ்.
கண் சிவந்தால் சிவக்கட்டும்.
தலை பாதி வெட்டுப்பட்டால் ரொம்ப நல்லது.
இருபது வருஷம் முன்பு யாரோ கல்யாணத்துக்கு வாங்கிய
சின்னக் கேமராவை
ஸியெமோவித் ஞாயிற்றுச் சந்தையில் பேரம் பேசி வாங்கிவந்தான்.
படத்தின் மூலையில் சிவப்பு எழுத்தில் தேதி விழுகிறது.
தேதி தப்பு.
தப்பாகவே இருக்கட்டும் என்கிறான்.
மூவாயிரம் யூரோ கோட்டு
கடைசி டிராமைத் தவறவிட்டதுபோல்
சுவரோரம் கசங்கி நிற்கிறது.

கோட்டு நிஜம். பொம்மையில் மாட்டி எடுத்தது.
உள்ளே இருக்கும் பெண்ணைக்
கணினி நாற்பது வினாடியில் செய்து கொடுத்தது.
அவளுக்குப் பசிக்காது. டாக்ஸி காசு கேட்கமாட்டாள்.
குளிரில் மூக்கு ஒழுகாது.
குறையென்று சொல்ல ஒன்றுமில்லை.
அதுதான் குறை.

மிலானிலிருந்து மின்னஞ்சல்:
"அழகாக இருக்கிறாள். ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.
இன்னும் கொஞ்சம் தப்பு வேண்டும்."

துடைத்த கை
திருஷ்டிப் பொட்டு வைக்கக் கிளம்பியது.
ஒரு மச்சம் வரைந்தாள். ஈ உட்கார்ந்திருந்தது.
அழித்து இன்னொன்று. மிளகு.
மச்சத்துக்கு ஒரு சாய்வு உண்டு,
விளிம்பில் ஒரு தயக்கம்,
அது கையில் வரவில்லை.

ஹல்ஷ்காவிடம் ஒரு பழக்கம், யாரிடமும் சொன்னதில்லை.
எடுத்ததை அவள் எறிந்ததே இல்லை.
வெட்டிய தோலெல்லாம் ஒரு பழைய வட்டில்
பெயரும் வருஷமும் போட்டுக் கிடக்கிறது.
ரொக்ஸானா வியெஷ்பா. 2008. இடது தாடைக்குக் கீழே.

ஒட்டினாள்.
இல்லாத பெண் சட்டென்று
எங்கோ பிறந்தவள் ஆனாள்.
மிலான் மூன்று ஆச்சரியக்குறி அனுப்பியது.

பில் போடும்போது கை நின்றது.
மச்சம் ஒன்று.
எவ்வளவு?
யாருக்கு?

எண் கிடைக்க இரண்டு நாளாயிற்று.
ரொக்ஸானா கதான்ஸ்கில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் இருந்தாள்.
பின்னால் யார் பல்லையோ துளைக்கும் சத்தம்.
"மச்சமா? அது இப்போது இல்லையே.
பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன்,
இல்லாமல்தான் நன்றாயிருந்தது.
மறுமாதமே போய் எடுத்துவிட்டேன்.
நீங்கள்தானா அது?"

அந்த 'நீங்கள்தானா'வில் கோபம் இருந்ததா என்று
ஹல்ஷ்காவுக்கு இன்னும் பிடிபடவில்லை.
பணத்தைப் பற்றி வாயெடுத்தாள்.
"அதெல்லாம் இருக்கட்டும்.
அதை எனக்கு அனுப்ப முடியுமா?
என் மகளுக்கு அதே இடத்தில் ஒன்று வந்திருக்கிறது.
அவளுக்குப் பிடிக்கவில்லை."

அனுப்பினாள். பதினொரு கிலோபைட்.
முகமில்லை, தாடையில்லை,
பழுப்பாக ஒரு புள்ளி.

இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது.
"திரையில் தூசு என்று நினைத்து
கட்டைவிரலால் துடைத்தேன்.
போகவில்லை."