நாணல்பேட்டை ஹால்ட்

எங்கள் பலகையில் மூன்று மொழி.
தமிழில் நாணல்பேட்டை.
இங்கிலீஷில் ஓர் எழுத்து குறைச்சல்.
இந்தியில் 'நாளைப்பேட்டை' என்று இருப்பதாக
லீவில் வந்த மிலிட்டரி தில்லைகோவிந்தன்
படித்துச் சொன்னான்.
அதன் பிறகு வண்டி தாமதமானால்
யாரும் என்னைத் திட்டுவதில்லை.
பலகையைக் காட்டுவதோடு சரி.

நான் ரயில்வே ஆள் இல்லை.
சம்பளம் இல்லை, கொடி இல்லை, விசில் இல்லை.
முதுநகர் ஜங்ஷனில் பணம் கட்டி
அட்டை டிக்கெட்டைக் கட்டாக வாங்கி வந்து
கமிஷனுக்கு விற்கிறவள்.
தேதி குத்தும் மிஷின்
ராத்திரியில் என் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஸ்டேஷன் எப்படி வந்தது என்று கேட்டால்
இரண்டு கதை.
உப்பளத்தை மேற்பார்க்க வந்த துரைக்கு
ஓடும் வண்டியிலிருந்து இறங்கிக் கால் முறிந்தது என்பார்கள்.
இல்லை, கிணறு என்பார்கள்:
கடலுக்கு இத்தனை கிட்டத்தில் இனிக்கிற கிணறு.
என்ஜின் தண்ணீருக்கு நின்றது,
நின்று நின்று ஊராகிப் போனது.
துரை இருந்ததற்கு அடையாளம் இல்லை.
கிணறு இருக்கிறது, நேற்றும் குடித்தேன்.

என் கணக்கு நோட்டில் மற்றது இருக்கிறது.
அலை வந்த மறுநாள், விற்பனை: இல்லை.
ஓரத்தில் பென்சிலில்:
கூடத்தில் நாற்பது குடும்பம், பால் பத்தவில்லை.
சின்னத் தண்டவாளத்தைப் பிடுங்கின வருஷங்களில்
பக்கமே வெள்ளை.
பாவாடையின் ஆடுகள் ஜல்லிமேல் வரிசையாக நடந்தன,
அவைகளுக்கு மட்டும் விழுப்புரத்தில் ஜோலி மாதிரி.
தானே புயலன்று கூரைத்தகடு
சவுக்குத்தோப்பில் போய்ச் செருகி நின்றது.
கொரோனாவுக்குப் பின்னால்
அதே வண்டி, அதே துருப்பிடித்த ஜன்னல்,
பேர் மட்டும் எக்ஸ்பிரஸ்.
பத்து ரூபாய் முப்பதாயிற்று.
அந்த மாதம் பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போனார்கள்.

போன ஐப்பசியில் கடிதம்.
நாளொன்றுக்கு இருபத்தைந்துக்குக் குறைந்தால்
நிறுத்தம் ரத்து.
கணக்கெடுக்க திருச்சியிலிருந்து
அருள்தாஸ் என்றொருவர், மூன்று நாள்,
குடையும் கார்பன் பேப்பருமாக.

முதல் நாள் காலை கவுண்டரில் ஈரக் கை.
அஞ்சலாட்சி.
முப்பத்தோரு வருஷமாக மீன்கூடையோடு ஏறி
ஒரு தடவைகூட டிக்கெட் எடுக்காதவள்.
"எனக்கு ஒண்ணு, கூடைக்கு ஒண்ணு."
கூடைக்குக் கிடையாது என்றேன்.
"அப்ப எனக்கே ரெண்டு. முன்ன போனதுல ஒண்ணைக் கழிச்சுக்க."

அவளுக்குப் பின்னால்
சலூன் முருகையன், ரேஷன் கடை எடையாள்,
மரைக்காயர் வீட்டுப் பெண்கள் ஆறு பேர்,
கல்யாணத்துக்குப் போகிற உடுப்பில்.
வாங்கினார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.
வண்டி வந்தது, நின்றது, போனது.
ஏறலையா என்று கேட்டார் அருள்தாஸ்.
"எங்க போறதுன்னு இன்னும் முடிவு பண்ணல சார்."

அறுபத்தொன்று.
எழுபத்துநான்கு.
மூன்றாம் நாள் அட்டை தீர்ந்து
ஜங்ஷனுக்கு சைக்கிள் அனுப்பினேன்.

அன்று சாயங்காலம்
கார்பன் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்,
நாளைக்கு எத்தனை விற்கும்மா?
பொய் வாய் வரைக்கும் வந்தது.
ஒன்பது என்றேன்.
பேனாவை மூடினார்.
"எங்கிட்ட மூணு நாளுக்குத்தான் பாரம்."
எப்ப சார் முடிவு தெரியும் என்றேன்.
அவருக்கு இந்தி தெரியும் போல.
பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு
குடையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அஞ்சலாட்சி
கவுண்டரைத் திரும்பியும் பார்க்காமல் ஏறினாள்.
நானும் பார்க்கவில்லை.
அவள் தந்த பத்து ரூபாய்த் தாளில்
செதில் ஒன்று ஒட்டியிருந்தது,
நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.
நோட்டில் எழுதினேன்:
நாலாம் நாள், எட்டு.
கூடைக்கு இல்லை.