கண் கடைசியில்

புரசைவாக்கம்.
செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
நான் பச்சை குத்தும் அறை.
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு பெயின்ட் வாளி.

உலகத்துச் சாமிகள் இந்த மாடிப்படி ஏறி வருகிறார்கள்.
எகிப்தின் நரித்தலைக் கடவுளை
டெலிவரி பையன் ஒருவனின் கெண்டைக்காலில் இறக்கினேன்.
கப்பல் வேலைக்குப் போகும் ஹென்சன்
இரண்டு காக்கைகள் கேட்டான்:
வடக்கே பனிநாட்டில் ஒற்றைக்கண் கடவுளுக்கு
ஊர்ச்சேதி கொண்டுவருபவையாம்.
எனக்குத் தெரிந்தவை அமாவாசைச் சோற்றுக்கு வருபவை.
அவற்றைப் பார்த்தே வரைந்தேன்.
அவனுக்குப் பிடித்திருந்தது.
அரிவாளோடு கருப்பசாமி, மாதம் நாலைந்து.

யூனிஸ் வந்தது ஆவணியில்,
மழை விட்டும் விடாத ஒரு சாயங்காலம்.
ஸ்டான்லியில் நைட் டியூட்டிக்கு
இன்னும் நாலு மணி நேரம்.
மெடூசா, என்றாள். இடது தோள்பட்டையில்.

போனில் தேடினேன்.
பாம்புக் கூந்தல், பிளந்த வாய்.
வெண்கலத்தில், பளிங்கில், கேடயத்தில்,
விலையுயர்ந்த சட்டையின் பொத்தானில்கூட.
எங்கோ ஒரு சதுக்கத்தில் அம்மணமாய் நிற்கும் வாலிபன்
கறிக்கடையில் கோழியைத் தூக்குவதுபோல
அவள் தலையைத் தூக்கிக் காட்டுகிறான்.
கீழே நரம்பு தொங்குகிறது.

"எல்லாத்துலயும் தலை மட்டும்தான் இருக்கு."
"ஆமா. எனக்குக் கழுத்து வேணும்.
கழுத்தெலும்பு, தோள், ரெண்டு கை.
வெட்டறதுக்கு முன்னாடி இருந்தாளே, அவ."

ஊசி மாட்டும்போது கதை சொன்னாள்.
கோவிலுக்குள்ளேயே கெடுத்தவன் கடலுக்கு அரசன்.
அவன் கடலுக்குத் திரும்பிவிட்டான்.
தண்டனை இவள் கூந்தலுக்கு வந்தது.
இவளைப் பார்த்தவரெல்லாம் கல்.

எனக்கு அகலிகை ஞாபகம்.
அங்கேயும் வந்தவன் அரசன், வானத்துக்கு.
இங்கே அவளே கல்.
இத்தனை கடல் தாண்டியும்
கல்லை மட்டும் யாரோ மறக்காமல் எடுத்துப்போயிருக்கிறார்கள்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
ஊசிச் சத்தம்.
நான் கேட்காத ஒன்றும் அறையில் இருந்தது,
அதற்கும் அந்தச் சத்தம் தேவைப்பட்டது.

பாம்புகளுக்கு நான் படம் தேடவில்லை.
பெருமழையில் ஓட்டேரி நல்லா வழியாக
எங்கள் தெருவுக்குள் நீந்தி வந்த சாரை ஒன்று,
தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு,
யாரையும் கடிக்காமல், யாருக்கும் வழி விடாமல்.
அதையே பதினொரு முறை வரைந்தேன்.

கழுத்து வந்தது. தோள் வந்தது.
கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
"சும்மா இருக்கட்டும்," என்றாள்.
மடியில் கைவைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி
உட்கார்ந்துவிட்டாள் மெடூசா.

சதுர்த்திக்கு நாலு நாள் இருந்தது.
கொசப்பேட்டையில் களிமண் பிள்ளையார்கள்
தெரு நீளத்துக்குக் கண்ணில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
கண் கடைசியில்தான்.
கற்சிலைக்குக் கண் திறந்ததும்
முதலில் கண்ணாடி காட்டுவார்கள், தெரியுமா என்றேன்.
முதல் பார்வை மனுஷர் மேல் விழக்கூடாதாம்.

"வெட்ட வந்தவனும்
கண்ணாடியிலதான் அவளைப் பார்த்தான்."
கொஞ்சம் பொறுத்து,
"கண்ணு நேரா பார்க்கட்டும்."

இரண்டு புள்ளி. அவ்வளவுதான் வேலை.
அதற்கு முன்னால் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

முன்னால் ஒரு கண்ணாடி,
முதுகுக்குப் பின்னால் என் கையில் ஒன்று.
வெகுநேரம் பார்த்தாள்.
கண்ணாடியைப் பிடித்தபடி
நான் அசையவில்லை.

ஒட்டுத்தாள் சுற்றினேன்.
எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன்:
சொறியாதீங்க. வெயில் படக்கூடாது.
மூணு வாரத்துக்குக் கடல்ல இறங்கக்கூடாது.

அப்போதுதான் சிரித்தாள்.
"கடலுக்குச் சொல்லிடறேன்."

கீழே ஆட்டோக்காரர் இருநூறு என்றதும்
அவள் நூறு என்றதும்
மாடிவரை கேட்டது.