தொடர்ச்சி

கண்ணாடிகளுக்காகத்தான் என் கடையைப் பிடித்தார்கள்.
தொண்ணூற்றொன்றில் மாட்டியவை,
ஓரமெல்லாம் ரசம் போனவை.
"அப்படியே வைத்திருக்கிறீர்களே!" என்று பூரித்தார் இயக்குநர்.
மாற்றக் காசில்லை என்று நான் சொல்லவில்லை.

பையன் பெயர் யானெஸ். பதினாலு வயது.
ஹாம்பர்க்கிலிருந்து அம்மாவோடு வந்திருக்கிறான்.
சுருட்டை முடி.
"ஒரே டேக். விழுந்த முடியை ஒட்ட முடியாது.
கை நடுங்காதே உங்களுக்கு?"
முப்பது வருஷத் தொழில், என்றேன்.

மெஷின் உறுமியது.
நெற்றியிலிருந்து உச்சிக்கு ஒரு வெள்ளைப் பாதை.
காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் வெளிவந்தது,
பெற்றவளே பார்த்து நாளாகியிருக்கும்.
கேமரா ஓடும்போது,
வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னான்:
"குளிருது."

ஸில்வியோவும் அதையேதான் சொன்னான்.

எங்கள் சமையலறை.
அப்பாவின் ஆலையை இழுத்து மூடி எட்டாம் மாதம்.
ஸ்டூலில் தம்பி, தோளில் சாப்பாட்டு மேசை விரிப்பு.
ஹைக்கோவும் கூட்டாளிகளும் பூட்ஸைக் கழற்றாமல்
அம்மா துடைத்த தரையில் நின்றார்கள்.
தம்பியை யாரும் அதுவரை
அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.
கூட்டிய முடியை அடுப்பில் போட்டேன்.
நாற்றம் போகட்டுமென்று ஜன்னலைத் திறந்தால்
எதிரே டயர் ஆலை விடுதி,
மூன்றாம் மாடியில் அடெலினோவின் விளக்கு.
மொசாம்பிக்காரன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் கோலி.
தம்பி இரவல் வாங்கி வந்த அவனுடைய கையுறை
அன்றைக்கும் எங்கள் கொடியில்தான் காய்ந்தது.

மறுநாள் விடுதிக் காட்சி.
அடெலினோ மாதிரி ஒருவனாக நடிப்பவன்
டிரெஸ்டனில் படிக்கிற மாணவன், மட்டேயுஸ்.
டேக்குகளுக்கு நடுவே பையனும் அவனும்
படிக்கட்டில் சீட்டாடினார்கள்.
ஆறு முறை எறிந்தான் யானெஸ்.
ஆறும் சுவரில்.
"கோபம் எங்கே? கோபம் எங்கேடா?" என்றது ஒலிபெருக்கி.
ஏழாவது கல் ஜன்னலை உடைத்தது.
எல்லாரும் கைதட்டினார்கள்.
பையன் மட்டும் மேலே ஓடினான்,
கிழித்துவிட்டதோ என்று.
மட்டேயுஸ் ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினான்:
"சர்க்கரைடா. இனிக்குது பார்."

அன்றைக்கு முதல் கல்லே போய்ச் சேர்ந்தது.
அன்றைக்கும் கைதட்டினார்கள்,
பீர் புட்டியோடு கீழே நின்ற அக்கம்பக்கத்துக்காரர்கள்,
எங்கள் பேக்கரிக்காரி,
தம்பியின் கணக்கு வாத்தியார்.
விடிந்ததும் பஸ் வந்து
விடுதியையே அள்ளிக்கொண்டு போனது.
ஒரு கண்ணைக் கட்டியபடி ஏறியவன் யாரென்று
நான் உற்றுப் பார்க்கவில்லை.

திரைக்கதையைப் படித்துவிட்டேன்.
தம்பி இருக்கிறான், ஹைக்கோ இருக்கிறான்,
வேலையிழந்த அப்பாகூட இருக்கிறார்.
அக்கா இல்லை.
பதினேழு வயதில்
ஜாக்கெட்டின் இரண்டு பையிலும் கல் நிரப்பி
ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவள்,
சும்மா, அவர்கள் அவளையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டுமென்று.

ஸில்வியோ இப்போது காஸெலில் பஸ் ஓட்டுகிறான்.
கிறிஸ்துமஸுக்குப் பேசுவான்.
பனி பெய்கிறதா என்று கேட்போம்.

மூன்று நாளுக்கொருமுறை யானெஸ் வருகிறான்.
முடி வளர்ந்துவிட்டால்
காட்சிகளின் தொடர்ச்சி கெட்டுவிடுமாம்.
உள்ளங்கையால் தடவினால் முளைவிட்டது குத்துகிறது.
இன்று கண்ணாடி வழியாகக் கேட்டான்:
"நிஜமாகவே இப்படி நடந்ததா?
நீங்க அப்போ இந்த ஊரிலா இருந்தீங்க?"

தலையைக் குனி, என்றேன்.