எர்மெலிண்டாவின் இரவுகள்

பதினாறு வருடம் பணிப்பட்டியல் என் கையில்தான் இருந்தது.
வெள்ளைப்பலகை, அறுபத்திரண்டு காந்த வில்லைகள்.
செவிலியருக்குப் பச்சை, உதவியாளருக்கு மஞ்சள்,
விடுப்பில் போனவர்கள் தலைகீழாக.

புந்தா அரேனாஸில் காற்று எழுந்தால்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
இந்த ஆஸ்பத்திரிக்கு அந்தக் கயிறு நீதான் என்று
ஒருமுறை டாக்டர் ஒயார்சூன் சொன்னார்.
நான் நம்பிவிட்டேன்.

யாருக்கு யாரோடு ஆகாது,
யாருடைய அம்மாவுக்குச் செவ்வாய்தோறும் டயாலிசிஸ்,
சம்பளத்துக்கு மறுநாள் யார் வரமாட்டார்.
எதையும் எழுதிவைத்ததில்லை.
எழுதினால் புறணி,
மனதில் இருந்தால் நிர்வாகம்.

சாந்தியாகோவிலிருந்து இரண்டு பேர் மடிக்கணினியோடு வந்தார்கள்.
முதல் நாளே ஒருவனின் தொப்பி ஜலசந்திக்குள் போய்விட்டது.
மாற்றம் என்றார்கள்,
படத்துக்குப் படம் ஓர் அம்புக்குறி.
நாங்கள் பிஸ்கட்டைத் தீர்த்தோம்.

செயலிக்குப் பழைய கணக்கு வேண்டுமாம்.
நாற்பத்தோரு நோட்டு கொடுத்தேன்.
ஒரு பெண் மூன்று வாரம் உட்கார்ந்து தட்டினாள்.

பிறகு ஒரு திங்கள்கிழமை, திரையில்,
ஆள் குறைந்த இரவுகளில் கூடுதலாக அழைக்கப்பட்டவர்கள்:
எர்மெலிண்டா பார்ரியா, முந்நூற்றுப் பன்னிரண்டு.
அடுத்த பெயருக்கு நாற்பது.

ஆமாம், அவளைத்தான் கூப்பிடுவேன்.
முதல் மணியிலேயே எடுப்பாள்.
சீலோயே தீவுக்காரி, தனியாள்.
வர்றேன் என்பதைத் தவிர
அவள் வாயில் வேறு சொல் கேட்டதில்லை.
மற்றவர்களுக்கு நான் காட்டிய இரக்கமெல்லாம்
அவள் பேரில் வாங்கிய கடன்.

அந்த வாரமே, ராத்திரி மூன்று பத்துக்கு,
ஐசியுவில் ஓர் ஆள் குறைந்தது.
வரம்பு தாண்டியவர்களை விட்டுவிட்டு
எல்லோருடைய போனிலும் ஒரே சமயத்தில் மணி.
முதலில் ஒப்புக்கொண்டவன் பால்தசார்.
ஒன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கூப்பிடாதவன்.
வரமாட்டான் என்று எனக்கு யார் சொன்னது?
காலுறையைப் பிழிந்தபடி அவன் சொன்னான்:
யாரும் கேட்டதில்லையே.

காலையில் எர்மெலிண்டா வந்தாள்.
கண் வீங்கியிருந்தது.
தூங்கினாயா என்றேன்.
விழித்துக்கொண்டுதான் இருந்தேன்,
என் போன் ரிப்பேர் போல,
ராத்திரி அடிக்கவே இல்லை, கொஞ்சம் பாருங்களேன் என்று
நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
கண்ணாடியை என் மேலங்கியில் துடைத்துத்
திருப்பிக் கொடுத்தேன்.