விரிஞ்சிபுரத்தில் ஒரு நாள் சாவு

கதாநாயகர் பாடையில் படுக்க மாட்டாராம்.
போன படத்தில் படுத்த மறுவாரம்
மாமனார் போய்விட்டாராம்.
ஆகவே பாலாற்று மணலில்
விரிஞ்சிபுரம் மார்க்கபந்துவாக
ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு
நான் செத்தேன்.

உயரம் ஒத்துப்போனது, விலாவெலும்பும்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
லீவுக்கு எழுதிக் கொடுத்த காரணம்: சாவு.
பொய்யில்லை.

வேனில் போகும்போது ஒரு தம்பி கதை சொன்னான்.
நவாப் காலம். ஒரே ஆற்றங்கரையில்
பாட்டுக் கட்டுகிறவர்கள் இரண்டு பேர்.
இங்கே சிவனைப் பாடும் நான்.
மேலாண்டை, பள்ளிகொண்டாவில்
பெருமாளைப் பாடும் உத்தரரங்கம்.
நான் ஆனந்தபைரவியில் ஒன்று போட்டால்
எட்டாம் நாள் அதே ராகத்தில்
என்னுடையதை எச்சில் இலையாக்கும் ஒன்று
அங்கிருந்து வரும்.
'நான் கால் கழுவிய தண்ணீரில்தானே
உன் சாமிக்கு அபிஷேகம்' என்று
சரணத்திலேயே வைத்துப் பாடினாராம்.
பதிலுக்கு நான் பாடவில்லை.
கிணறு வெட்டினேன்.
உப்புக் கிணறு.
அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் செத்தேன் என்றான்.

படத்தில் ஆறு ஓட வேண்டும்.
எட்டு டேங்கர் லாரியில் ஆறு வந்தது.
மணல் குடித்துவிட்டு
இன்னும் இருக்கா என்று பார்த்தது.

கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள்.
வலது நகம் கறுப்பு, சோல் ஒட்டும் பிரஸ் விழுந்தது.
நவாப் காலத்தில் ஏதுப்பா பிரஸ் என்று
மேக்கப்காரர் மஞ்சள் குழைத்து மூடினார்.
மூக்கில் பஞ்சு. வாயில் அரிசி.
நெற்றிக் காசு வெயிலில் சூடேறி
அம்மை ஊசி போல் சுட்டது.

உத்தரரங்கம் வந்தார்.
செய்யாறு பக்கம் கூத்தாடிய ஆள், நல்ல சாரீரம்.
'இனி யாரைத் தோற்கடிப்பேன்?'
இதுதான் வசனம்.
ஆறு முறை கேட்டார். ஆறு முறையும் அழுதார்.
அழுகை வருது, வயித்தெரிச்சல் வரலையே சார்
என்றார் டைரக்டர்.

ஏழாவது முறை வசனத்தை விட்டுவிட்டார்.
குனிந்து என் காதுக்குள்
என் பல்லவியைப் பாடினார்.
அரை இடம் தள்ளி எடுத்தது தப்பு என்று
கதை முழுக்க அவர் சிரித்த பல்லவி.
தள்ளியே எடுத்தார்.
சொல்லுக்கு முன்னால் அந்தக் காலி இடம்.
அதில் அவர் மூச்சு மட்டும்.

எனக்குச் சங்கீதம் தெரியாது.
கம்பெனியில் தையல் மிஷின்கள் சேர்ந்து ஓடும்போது
ஒன்று மட்டும் பின்தங்கினால் தெரியும், அவ்வளவுதான்.
விரல் அசைந்துவிட்டது.
சேர்த்துக் கட்டியிருந்ததால்
இரண்டும்.

கட்!
இன்னாய்யா, பொணம் தாளம் போடுது!
கரையே சிரித்தது.
அவர் மட்டும் சிரிக்கவில்லை,
துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
நகர்ந்து நின்றார்.
வாய் அரிசியோடு மன்னிப்புக் கேட்டேன்.
எட்டாவதில் ஒழுங்காகச் செத்தேன்.

வீட்டில் தெய்வானை வாசலிலேயே நிறுத்தித்
தலையில் தண்ணீர் ஊற்றினாள்.
மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள், கமறவே இல்லை.
'யாரு தூக்குனாங்க?' என்றாள்.
யாரும் தூக்கல, லஞ்ச் விட்டுட்டாங்க என்றேன்.

பத்து மாதம் கழித்து வேலூரில் இரண்டாம் ஆட்டம்.
பாடையில் என் உடம்பு, அவர் முகம்.
எங்கே வெட்டி எங்கே ஒட்டினார்களோ.
பிறகு கால்கள், திரை அகலத்துக்கு.
விரல் அசைந்தது.
ஒன்று. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.
ஏழாவதையே வைத்திருக்கிறார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.
பின் வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.
தெய்வானை பாப்கார்னை மடியில் வைத்தாள்.

'மஞ்சள் பூசியும்
நகம் கறுப்பாத்தான் தெரியுது' என்றாள்.